இது என்ன கருவி?

வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய மரப்பெட்டி அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தச்சு வேலை செய்த தாத்தாவின் பெட்டி அது. திறந்து பார்த்தால் உளி, வாய்ச்சி, இழைப்புளி, சுத்தியல் ஆகியவை இருக்கின்றன. இவை நமக்குத் தெரிந்தவையே. ஆனால், அவற்றின் அடியில் வேறொன்று கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரக்கட்டை. அதன் நடுவே உள்ள துளையில் ஒரு சாண் நீளச் சட்டம். சட்டத்தின் ஒரு முனைக்கு அருகில் சிறியதோர் ஆணிமுனை நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டையைச் சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். வேண்டிய இடத்தில் இறுக்கி நிறுத்தலாம்.

இது என்ன கருவி? எதற்குப் பயன்பட்டது? கேட்கலாம் என்றால் தாத்தா இல்லை.

விடையை இப்போதே சொல்லிவிட்டால் சுவை குன்றிவிடும். கட்டுரையின் முடிவில் நீங்களே அதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்கு முன், இதே போன்ற புதிர்களை நூற்றுக்கணக்கில் சந்தித்த ஓர் ஊருக்குப் போய் வருவோம்.

மண்ணுக்குள் ஒரு பட்டறை

மதுரை நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், வைகை ஆற்றை அடுத்து, தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் கீழடி. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1970களில் இவ்வூர்ப் பள்ளி மாணவர்கள், நிலத்தைத் தோண்டும்போது பழைய பொருள்கள் வெளிப்படுவதைத் தங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கூறினார்கள். அவர் அதை அலட்சியம் செய்யவில்லை. நேரில் சென்று பார்த்தார். கிடைத்தவற்றைச் சேகரித்துத் தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தார்.

ஆண்டுகள் பல கடந்தன. இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரை நெடுகிலும் ஆய்வு நடத்தி, பழங்கால மக்கள் வாழ்ந்ததற்கான அடையாளங்கள் உள்ள 293 இடங்களைக் கண்டறிந்தது. அவற்றுள் கீழடி தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே 2015-ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டு, கதிரியக்கக் கரிம முறைப்படி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று தெரியவந்தது.

கீழடியில் கிடைத்தவற்றுள் பானைகளையும், தமிழி எழுத்துகள் கீறிய ஓடுகளையும், தங்க அணிகலன்களையும் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால், நாம் இன்று பார்க்கப்போவது அவற்றை அல்ல. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் சில பொருள்களை: நடுவில் துளையுள்ள சுடுமண் வட்டுகள், ஒரு முனை கூராகச் சீவப்பட்ட எலும்புத் துண்டுகள், கட்டித் தொங்கவிடும் கற்கள், ஒரு செம்பு ஊசி.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்த தொல்லியலாளர்கள், “இங்கே நெசவு நடந்திருக்கிறது” என்று கூறினார்கள். துணி எதுவும் கிடைக்கவில்லை; மரத்தறியும் கிடைக்கவில்லை. நூலும் மரமும் நம் மண்ணில் 2500 ஆண்டுகள் தாங்குவது அரிது. பிறகு எப்படி அவர்களால் அப்படிக் கூற முடிந்தது? பெயர் எழுதி ஒட்டாத கருவிகளை அடையாளம் காண்பது எப்படி?

துளையுள்ள வட்டு

முதலில் சுடுமண் வட்டை எடுத்துக்கொள்வோம். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்தால் ஒரு சில்லு கிடைக்கும். கீழடியில் அப்படிப்பட்ட சில்லுகள் சுமார் 600 கிடைத்துள்ளன. அவை சிறுவர்கள் பாண்டி ஆடப் பயன்பட்டவையாக இருக்கலாம். ஆனால், நடுவில் துளை இருந்தால்? அது கழுத்தில் கோக்கும் மணியா, விளையாட்டு வண்டியின் சக்கரமா, வலையில் கட்டும் எடையா, அல்லது நூல் நூற்கும் தக்களியின் வட்டா?

இங்கே நமக்கு உதவுவது இயற்பியல். தக்களி என்பது ஒரு மெல்லிய குச்சி. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டு. விரலால் சுண்டிவிட்டால் பம்பரம்போல் சுழலும். அந்தச் சுழற்சி பஞ்சிழைகளை முறுக்கி நூலாக்குகிறது. வெறும் குச்சியைச் சுண்டினால் நொடியில் நின்றுவிடும். வட்டைச் செருகினால் நெடுநேரம் சுழலும். சுழலும் பொருள் தன் சுழற்சியை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் இந்தப் பண்பையே நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிராம் களிமண்ணை உருட்டி, 1.34 செ.மீ. ஆரமுள்ள உருண்டை ஆக்கினால் அதன் நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 14 கிராம் செ.மீ.² ஆகும். அதே களிமண்ணை 2.5 செ.மீ. ஆரமும் அரை செ.மீ. தடிப்பும் உள்ள வட்டாகத் தட்டினால் ஏறத்தாழ 62 ஆகிவிடும். எடையில் மாற்றமில்லை, ஆனால் சுழற்சியைக் காக்கும் திறன் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. தக்களிக்கு வட்டு வேண்டும் என்பதை நம் முன்னோர் சூத்திரம் இல்லாமலே அறிந்திருந்தனர்.

எனவே, ஆராய்ச்சியாளர் ஒரு வட்டைக் கையில் எடுத்ததும் சில சோதனைகள் செய்கிறார். துளை சரியாக மையத்தில் உள்ளதா? மையம் விலகினால் தக்களி தள்ளாடும். மாலையில் கோக்கும் மணிக்கு அது பெரிய குறை அல்ல. துளை நேராக, ஒரு குச்சி இறுக்கமாக நுழையும் அளவில் உள்ளதா? எடை எவ்வளவு? பருத்தி இழை குட்டையானது. கனத்த வட்டைத் தொங்கவிட்டால், முறுக்கேறுமுன் நூல் அறுந்துவிடும்.

ஆனால், வடிவம் மட்டுமே முடிவு சொல்லிவிடாது. ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த டாக்கா மஸ்லின் துணிக்கு நூல் நூற்றவர்கள், ஊசிபோன்ற மெல்லிய கதிரில் ஒரு சிறு களிமண் உருண்டையைப் பொருத்தி, அதன் அடியை ஒரு சிப்பி ஓட்டில் ஊன்றிச் சுழற்றினார்கள். அந்த உருண்டை மட்டும் நமக்குக் கிடைத்தால், அதை மணி என்றுதானே சொல்லுவோம்!

சில சமயம் அதிர்ஷ்டமும் கைகொடுக்கும். ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், துளையில் இரும்புக் கம்பி செருகிய நிலையிலேயே சுடுமண் வட்டுகள் கிடைத்தன. கம்பியும் வட்டும் சேர்ந்தே இருக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. ஓரிடத்தில் கிடைத்த முழுக் கருவி, வேறிடங்களில் கிடைக்கும் துண்டுகளுக்கும் விளக்கம் தந்துவிடுகிறது.

கூரான எலும்பு

அடுத்தது எலும்புக் கருவி. கீழடியில் கிடைத்த எலும்புகளுள் 70 மாதிரிகள் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. அவை பசு, காளை, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, கலைமான், மயில் முதலியவற்றின் எலும்புகள் என்று அங்கே கண்டறியப்பட்டது. உணவுக்குப் பின் எறியப்பட்ட எலும்பும் உண்டு. வேண்டுமென்றே சீவிக் கருவியாக்கிய எலும்பும் உண்டு.

எலும்பு ஏன்? ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்துள்ள தாதுப்பொருளும், எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நாரும் கலந்தது எலும்பு. தாது கடினத்தைத் தருகிறது. நார் எளிதில் ஒடியாத தன்மையைத் தருகிறது. தேய்க்கத் தேய்க்க வழவழப்பாகும். இரும்பைப்போலத் துருப்பிடித்து நூலில் கறை படியச் செய்யாது.

சரி, கூரான எலும்பு எதற்கு? அம்பு முனையாக இருக்கலாம். தோலைத் துளைக்கும் ஊசியாக இருக்கலாம். கொண்டை ஊசியாக இருக்கலாம். தறியில் பாவு இழைகளைப் பிரித்தெடுக்கவும், ஊடை நூலை நெருக்கித் தள்ளவும், பூவேலைக்காக இழைகளை எண்ணித் தூக்கவும் பயன்பட்டதாகவும் இருக்கலாம். கீழடி அறிக்கை இந்தக் கடைசி விளக்கத்தையே கூறுகிறது.

தேய்மானம் பேசுகிறது

இத்தகைய ஐயங்களைத் தீர்க்க உதவும் முறை ஒன்றை வளர்த்தவர் செர்கேய் செம்யோனவ் என்ற சோவியத் ஆராய்ச்சியாளர். 1957-இல் வெளியான அவருடைய நூல் 1964-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவருடைய கருத்து மிக எளியது. ஒவ்வொரு வேலையும் கருவியில் தனக்கே உரிய தழும்பை விட்டுச்செல்கிறது. அத்தழும்பை உருப்பெருக்கியால் படிக்கலாம்.

உங்கள் செருப்பின் அடியைப் பாருங்கள். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு உங்கள் நடையைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். அம்பு எதன் மீதாவது மோதினால் அதன் நுனி சிதறி உடையும். தோலைக் குத்தித் திருகிய ஊசியின் நுனியில், சுற்றுவட்டமாகக் கீறல்கள் தென்படும். நூலிழைகளுக்கிடையே பல்லாயிரம் முறை நுழைந்து வெளிவந்த முனையோ உடையாமல் மழுங்கி, கண்ணாடிபோல் மின்னும். இழை உரசிய இடங்களில் மெல்லிய பள்ளங்கள் குறுக்கே விழுந்திருக்கும்.

இது வெறும் ஊகம் என்று யாரேனும் சொன்னால்? அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மார்க் நியூகமர் என்பவர் 15 கல் கருவிகளைச் செய்து, வெவ்வேறு வேலைகளுக்குத் தாமே பயன்படுத்தினார். எதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதை மறைத்து, அவற்றை லாரன்ஸ் கீலி என்பவரிடம் கொடுத்தார். கீலி உருப்பெருக்கியின் துணையால் மட்டுமே விடை கூறவேண்டும். 1977-இல் வெளியான முடிவு என்ன? கருவியின் எந்தப் பகுதி பயன்பட்டது என்பதைப் பெரும்பாலும் சரியாகக் கூறிவிட்டார். எந்தப் பொருளின் மீது பயன்பட்டது என்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெற்றி. முறை பயனுள்ளது, ஆனால் முழுவதும் பிழையற்றது அல்ல. அறிவியல் தன் பலவீனத்தையும் அளந்து சொல்லவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கைத்தொழில் அறிந்தவரைக் கேளுங்கள்

உருப்பெருக்கிக்கும் தெரியாத ஒன்று சிலருக்குத் தெரியும். அவர்கள் கைத்தொழில் செய்பவர்கள்.

தென்மேற்குப் பிரான்சில், நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த இடங்களில் சில எலும்புத் துண்டுகள் கிடைத்தன. மானின் விலா எலும்பு. நுனி உருண்டு வழவழப்பாக இருந்தது. வயது ஏறத்தாழ 50,000 ஆண்டுகள். மாரி சொரெசி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் அவற்றை அடையாளம் காட்டினர்: தோலைத் தேய்த்து மிருதுவாக்கி மெருகேற்றும் கருவி! இன்றும் உயர்தரத் தோல் பொருள்கள் செய்வோர் இதே வடிவில், இதே பொருளால் ஆன கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஐம்பதாயிரம் ஆண்டுகளாக அந்தக் கருவியைத் திருத்தவேண்டிய தேவை ஏற்படவில்லை.

இன்னொரு செய்தி. பழைய கிரேக்க நாட்டில் சுடுமண் எடைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கி.மு. 550-ஐ ஒட்டிய ஒரு கிரேக்கக் குவளை இன்று நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரு பெண்கள் நின்றுகொண்டே நெய்கிறார்கள். தறி செங்குத்தாக நிற்கிறது. பாவு இழைகளின் அடியில் எடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. கீழடியின் அந்தக் கரித்துண்டும் இந்தக் குவளையும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பது வியப்பல்லவா? ஆனால், ஓவியம் அசையாது. அந்தத் தறி எப்படி இயங்கியது என்று காட்டாது. மார்த்தா ஹோஃப்மன் என்ற நார்வே நாட்டுப் பெண் ஆராய்ச்சியாளர், தம் நாட்டின் சில பகுதிகளில் அத்தறியில் நெய்யத் தெரிந்தவர்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்று அறிந்தார். அவர்களிடம் சென்று, நெய்யச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு செய்கையையும் எழுதிவைத்தார். 1964-இல் அது நூலாக வந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால், கேட்பதற்கு ஆள் இருந்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜேனட் ஸ்டீபன்ஸ் என்ற சிகை அலங்காரக் கலைஞர், 2001-இல் ஓர் அருங்காட்சியகத்தில் ரோமானிய அரசி ஜூலியா டோம்னாவின் சிலையைப் பின்புறமிருந்து பார்த்தார். அந்தக் கொண்டையை வீட்டில் போட்டுப் பார்க்க முயன்றார். அக்காலக் கொண்டை ஊசிகளால் அது நிற்கவில்லை. இலத்தீன் நூல்களில் ‘ஆக்குஸ்’ என்று வரும் சொல்லை அறிஞர்கள் கொண்டை ஊசி என்றே மொழிபெயர்த்துவந்தனர். அச்சொல்லுக்குத் தையல் ஊசி என்ற பொருளும் உண்டு. ஸ்டீபன்ஸ் ஊசியையும் நூலையும் எடுத்துப் பின்னலைத் தைத்தார். கொண்டை நின்றுவிட்டது! அவருடைய கட்டுரை 2008-இல் ரோமானியத் தொல்லியல் ஆய்விதழில் வெளியாயிற்று. ஏட்டறிவால் எட்ட முடியாததைக் கையறிவு எட்டிப் பிடித்தது.

மதுரைக்குத் திரும்புவோம். செல்லூர் நெசவுக்குப் பெயர் பெற்ற பகுதி. மதுரைச் சுங்குடிச் சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுங்குடிக்குத் துணியில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போடும் கைகளும், தறியில் நாடாவை ஓட்டும் கைகளும் இங்கே இன்னும் இருக்கின்றன. கீழடி எலும்புமுனையைக் கண்டதும் ஒரு முதிய நெசவாளியின் விரல்கள் அதை எப்படிப் பிடிக்கும் என்று பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சியே. அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால், அவற்றோடு ஓர் அகராதியே மறைந்துவிடும்.

விடை கிடைக்காத புதிர்

எல்லாப் புதிர்களுக்கும் விடை கிடைத்துவிடுவதில்லை. ரோமானியப் பேரரசின் வடமேற்குப் பகுதிகளில், வெண்கலத்தாலான பன்னிரண்டு முகங்கள் கொண்ட உட்குழிவான பொருள்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. ஒவ்வொரு முகத்திலும் ஒரு வட்டத்துளை, துளைகளின் அளவு வெவ்வேறு, மூலைகளில் குமிழ்கள். முதலாவது 1739-இல் பதிவாயிற்று. 2023-இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னி என்ற ஊரில், உள்ளூர் ஆர்வலர் குழுவினர் சிறிதும் சேதமடையாத ஒன்றைத் தோண்டி எடுத்தனர். மெழுகுவத்தித் தாங்கி, தூரம் அளக்கும் கருவி, கையுறை பின்னும் அச்சு என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. எதுவும் நிரூபணமாகவில்லை. பழைய நூல் எதிலும் அது குறிப்பிடப்படவில்லை. இன்று அதைப் பயன்படுத்துவோர் யாரும் இல்லை. “தெரியவில்லை” என்று எழுதிவைப்பதே அங்கே நேர்மையான விடை.

இடம் மாறினால் பொருள் மாறும்

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஒரு துளை வட்டு தனியே கிடைத்தால் அது வெறும் வட்டு. அதே மண்ணடுக்கில் எலும்புமுனையும் தொங்கு கல்லும் செம்பு ஊசியும் கிடைத்தால் அது நெசவுப் பட்டறையின் ஓர் உறுப்பு. ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லுகின்றன. யாரோ ஒருவர் அழகாயிருக்கிறது என்று வட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், அவர் திருடியது ஒரு மண் துண்டை அல்ல, அந்தச் சாட்சியத்தை.

எனவே, வயலிலோ கிணற்று மண்ணிலோ பழம்பொருள் கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடமும், கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவியுங்கள். கீழடி மாணவர்கள் வாயைத் திறந்ததால்தான் ஆசிரியர் வயலுக்குப் போனார் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த பொருள்களை, 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் நேரில் காணலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று மூங்கில் குச்சிகளைக் கூராகச் சீவுங்கள். ஒன்றால் தடித்த அட்டையை 200 முறை குத்துங்கள். இரண்டாவதை, இறுகக் கட்டிய நூல் வரிசைக்குள் 200 முறை விட்டு எடுங்கள். மூன்றாவதால் மணலை 200 முறை கிளறுங்கள். எது எது என்று சொல்லாமல் நண்பரிடம் கொடுத்து, கைக்கண்ணாடியால் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இதுதான் கீலிக்கு நியூகமர் வைத்த தேர்வு!

எலும்பின் இயல்பை அறிய, சுத்தம் செய்த கோழியெலும்பு ஒன்றை வினிகரில் நான்கைந்து நாள் ஊறவையுங்கள். அமிலம் தாதுப்பொருளைக் கரைத்துவிட, எஞ்சிய நாரால் எலும்பு ரப்பர்போல் வளையும்.

இனி, பரணில் கிடைத்த புதிர். என்ன பொருளால் ஆனது? மரமும் ஓர் இரும்பு முனையும். எங்கே கிடைத்தது? தச்சுக் கருவிகளோடு. எங்கே தேய்ந்திருக்கிறது? கட்டையின் ஒரு முகம், எதனோடோ உரசி உரசி வழவழப்பாகிவிட்டது. முனை மெல்லியது, அடிக்கவோ துளைக்கவோ உதவாது, கீறத்தான் உதவும். கட்டையை நகர்த்தினால் முனைக்கும் கட்டைக்கும் உள்ள தூரம் மாறுகிறது.

தெரிந்துவிட்டதா? கட்டையைப் பலகையின் விளிம்போடு அணைத்துப் பிடித்து இழுத்தால், ஆணிமுனை விளிம்புக்கு இணையாக ஒரு நேர்கோடு கீறிச்செல்லும். எத்தனை பலகைகளை எடுத்தாலும் ஒரே அளவு! வடிவ கணிதத்தில் நீங்கள் படிக்கும் இணைகோடுகளை உங்கள் தாத்தா அந்தக் கட்டையால் போட்டார்.

விடை சரிதானா என்று தெரிந்துகொள்ள, உங்கள் தெருவிலுள்ள வயதான தச்சர் ஒருவரிடம் அதை எடுத்துச்செல்லுங்கள். அவர் வாங்கியதும் வாங்காததுமாக அதைப் பலகையில் வைத்து ஓட்டிக் காட்டுவார். உங்கள் ஊரில் அதற்கு வழங்கும் பெயரையும் சொல்லுவார். அந்தப் பெயரை மறக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.